லக்னோவுக்கு இரண்டு நாள்: பயணத்திட்டத்தில் யாருக்கு இடம்?

கருத்தரங்குக் காலம் தொடங்கியதும் ஆய்வுமாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில் ஒரே வகையான கேள்வி சுற்றத் தொடங்கும். "வியாழன், வெள்ளி லக்னோவில் கருத்தரங்கு. சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது?" பத்து நிமிடத்துக்குள் பதிலும் வந்துவிடும்: பெரிய இமாம்பாரா, ரூமி தர்வாஸா, ரெசிடென்சி, டுண்டே கபாப், இத்ரீஸ் பிரியாணி, பிரகாஷ் குல்ஃபி, ஹஸ்ரத்கஞ்சில் ஒரு மாலை நடை, வீட்டுக்கு இரண்டு சிகன் பூவேலைக் குர்தா. இந்தப் பட்டியலில் பிழை என்று சொல்ல எதுவுமில்லை. எல்லாமே பார்க்கத்தக்கவை, உண்ணத்தக்கவை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. களப்பணிக்குப் புறப்படுமுன் யாரிடம் தரவு கேட்பது, யாரை விட்டுவிடுகிறோம் என்று மாதக்கணக்கில் யோசிக்கும் அதே ஆய்வாளர், ஒரு நகரத்தைப் பார்க்கப் போகும்போது முதலில் கைக்கு வந்த பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்.

பயணத்திட்டமும் ஒருவகை மாதிரியெடுப்புதான். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு பழைய தலைநகரம் முழுவதையும் பார்த்துவிட முடியாது, தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அந்தத் தேர்வு, தலைநகரம் என்பது யாருடையது என்ற கேள்விக்கு நாம் தரும் விடையாகவும் அமைந்துவிடுகிறது. அரசன் கட்டிய மாளிகை, அரசன் உண்ட உணவு என்று திட்டமிட்டால் நகரம் அரசனுடையதாகவே தெரியும். கட்டியவருக்கும் சமைத்தவருக்கும் தைத்தவருக்கும் இரண்டு மணி நேரமாவது ஒதுக்கினால் அதே தெருக்கள் வேறொன்றைச் சொல்லும்.

லக்னோ தலைநகராக இருந்த காலம் நீண்டதன்று. 1775-இல் நவாப் ஆசஃபுத்தௌலா அவத் நாட்டின் தலைநகரைப் ஃபைஸாபாத்திலிருந்து இங்கே மாற்றினார். 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி நாட்டை இணைத்துக்கொண்டு, கடைசி நவாப் வாஜித் அலி ஷாவைப் பதவியிலிருந்து இறக்கியது; அவர் கல்கத்தாவின் மட்டியாபுர்ஜில் காலங்கழித்தார். இடைப்பட்டவை 81 ஆண்டுகள். இன்று 'நவாபிய' என்ற அடைமொழியோடு விற்கப்படுவன யாவும் இந்த 81 ஆண்டுக்குள் அடைக்கப்படுகின்றன. அதற்கு முன்பும் பின்பும் இந்நகரில் மக்கள் வாழ்ந்தார்கள், சமைத்தார்கள் என்பது சுற்றுலா விளம்பரத்தில் தெரிவதேயில்லை.

பெரிய இமாம்பாராவையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 50 மீட்டர் நீளமும் 16 மீட்டர் அகலமும் கொண்ட அதன் நடுக்கூடத்தின் மேற்கூரை உத்திரமோ இடைத்தூணோ இல்லாமல் நிற்கிறது. அதைப் பார்த்து வியக்காதவர் இரார். 1784-இல் பஞ்சநிவாரணப் பணியாக இக்கட்டுமானம் தொடங்கப்பட்டது. வட இந்தியாவைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தை மக்கள் 'சாலீஸா' என்றழைத்தனர். 'சாலீஸ்' என்றால் நாற்பது. விக்கிரம ஆண்டு 1840-இல் வந்த பஞ்சம் என்பதால் அப்பெயர். நவாபின் பெயர் கட்டடத்தில் நின்றது. பட்டினி கிடந்தவர்களுக்கு எஞ்சியது ஓர் எண் மட்டுமே.

வழிகாட்டிகள் சொல்லும் கதை இன்னும் சுவையானது. பகலில் ஏழைகள் கட்டினார்களாம். வெளியில் கூலிவேலை செய்ய நாணிய குடிப்பெருமையுள்ளோர் இரவின் மறைவில் வந்து, கட்டியதில் ஒரு பகுதியை இடித்துவிட்டுக் கூலி பெற்றார்களாம். வேலை நீண்டால்தானே எல்லாருக்கும் சோறு கிடைக்கும்! இது நடந்ததோ இல்லையோ, நவாபின் கொடைத்திறத்துக்குப் பாராட்டாகவே சொல்லப்படுகிறது. இதே கதையைப் பசியைப் பற்றிய கதையாகவும் கேட்கலாம். முகத்தை மறைத்துக்கொண்டு இரவில் செங்கல் பெயர்த்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று எந்தக் குழுவும் வழிகாட்டியிடம் கேட்பதில்லை. மேல்தளத்தின் புதிர்வழிக்குப் 'பூல்புலையா' என்று பெயர். மறத்தல், வழிதவறுதல் எனப் பொருள்படும் 'பூல்னா' என்ற வினையோடு தொடர்புடைய சொல். அங்கே படம் எடுப்பதில்தான் பெரும்பாலான நேரம் கழிகிறது. 'இமாம்பாரா' என்பதும் அரபுச் சொல்லோடு இந்தியச் சொல் கூடிப் பிறந்த கலப்புச் சொல். இமாமுக்குரிய மனை என்று பொருள். கர்பலாவின் துயரத்தை நினைத்து மக்கள் கூடி அழும் இடம் அது. அரண்மனை பார்க்கும் மனநிலையில் உள்ளே நுழைபவர், வாயிலில் எழுதியிருக்கும் பெயரையே படிக்காமல் போகிறார் என்றுதான் சொல்லவேண்டும்.

உணவுக்கும் இப்பஞ்சத்துக்கும் ஒரு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. இமாம்பாராத் தொழிலாளர்க்காகப் பெரிய தேக்சாக்களில் அரிசியும் இறைச்சியும் இட்டு, மூடியை மாவால் ஒட்டி இரவு முழுக்கத் தணலில் வைத்தார்கள். நவாப் அதன் மணத்தில் மயங்கினார். 'தம் புக்த்' பிறந்தது என்பார்கள். பல உணவகங்களின் உணவுப்பட்டியலிலேயே இக்கதை அச்சாகியிருக்கிறது. ஆனால் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அபுல் ஃபஸல் தொகுத்த 'ஆயினே அக்பரி'யில் இதே பெயருள்ள பண்டம் அளவுகளோடு இடம்பெறுகிறது. இமாம்பாராவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து. கதை பொய் என்று சொல்லி மகிழ்வது இங்கே நோக்கமன்று. ஒரு சமையல்முறை தலைமுறை தலைமுறையாகப் பல அடுக்களைகளில் வளர்ந்தது என்பதைவிட, அரசன் ஒருநாள் மணம் பிடித்தான் என்பது எளிதில் பரவுகிறது. அவ்வளவில் சமைத்த கைகள் மறைந்துவிடுகின்றன.

அக்கைகளுக்கு உருதுவில் பெயர்கள் இருக்கின்றன. பழைய லக்னோவைப் பற்றி அப்துல் ஹலீம் ஷரர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தொடர்கட்டுரைகளில், பாத்திரம் துலக்குவோர், பெரிய அண்டாக்களில் சமைக்கும் 'பாவர்ச்சி', சிறு கலங்களில் நுண்மையாகச் சமைக்கும் 'ரகாப்தார்' எனத் தொழிற்பிரிவுகளை அடுக்குகிறார். கடைத்தெருவில் ரொட்டி சுடுபவர் 'நான்பாய்'. ஒரு மொழியில் ஒரு தொழிலுக்கு இத்தனை வேறுபட்ட சொற்கள் இருந்தால், அத்தொழிலுக்குள் அத்தனை படிநிலைகளும் திறன்களும் இருந்தன என்று பொருள். இன்றைய பட்டியல்கள் இவற்றையெல்லாம் 'நவாபிய உணவு' என்ற ஒரே பெயருக்குள் கரைத்துவிட்டன.

கரைத்தல் என்றதும் கலாவட் கபாப் நினைவுக்கு வரும். 'கல்னா' என்றால் குழைதல், கரைதல். பல்லில்லாத நவாபுக்காகச் செய்தது என்ற கதையோடுதான் இதுவும் பரிமாறப்படுகிறது. சௌக்கிலுள்ள டுண்டே கபாபிக் கடை 1905 முதல் நடப்பதாகக் குடும்பத்தார் கூறுவர். 'டுண்டா' என்பது கையிழந்தவரைக் குறிக்கும் சொல், நிறுவியவரின் பட்டப்பெயர். அக்கடையின் பெயர்பெற்ற கபாப் எருமை இறைச்சியால் ஆனது. குறைந்த விலை இறைச்சியைப் பப்பாளிக்காயும் மசாலாவும் அரைப்பும் கொண்டு மென்மையாக்கும் திறமை அது. எளியவரும் வாங்கி உண்ணக்கூடியது. 2017 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தில் உரிமமற்ற இறைச்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, இறைச்சி கிடைக்காமல் இக்கடை ஒரு நாள் அடைக்கப்பட்டது நாடு முழுக்கச் செய்தியாயிற்று. பிறகு கோழியும் ஆட்டிறைச்சியும் அங்கே பரிமாறப்பட்டன. 2025 அக்டோபர் இறுதியில் யுனெஸ்கோ லக்னோவை உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. அந்தப் பெருமையில் பங்கு கேட்போர், எட்டு ஆண்டுகளுக்கு முன் இறைச்சிக்காகக் காத்திருந்த கடைக்காரரையும், வேலையிழந்து நின்ற இறைச்சித் தொழிலாளரையும் சேர்த்தே நினைக்கவேண்டும். உணவு மரபு என்பது சமையற்குறிப்பில் மட்டும் வாழ்வதில்லை. அதற்கு வரும் பொருளிலும் அதை வாங்கக்கூடிய விலையிலும் வாழ்கிறது.

இன்னொரு மறைவும் உண்டு. உணவகப் பலகைகள் 'அவதி உணவு' என்கின்றன. துளசிதாசரின் ராமசரிதமானஸும் ஜாயசியின் பத்மாவதும் எழுந்த மொழியின் பெயரும் அதுவே. சுற்றியுள்ள சிற்றூர்களில் இன்றும் பேசப்படும் அவதி மொழி மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியின் கீழ் சேர்க்கப்படுகிறது. மொழிப்பெயர் உணவுக்கு மதிப்புக் கூட்டுகிறது. மொழிக்கோ தனி வரிசை இல்லை. மரக்கறி உண்ணும் மாணவர்கள் லக்னோவில் தமக்கு ஒன்றுமில்லை என்று ஒதுங்குவதும் 'நவாபிய' என்ற முத்திரையின் விளைவுதான். கஸ்தா கச்சோரியும் பூரி-சப்ஜியும் சாட்டும் தண்டாயும் இந்நகரின் பழைய உணவுகளே. அல்வாயிகளின் இனிப்புக்கடைகளும் காயஸ்தர் வீட்டு அடுக்களைகளும் இல்லாமல் லக்னோவின் சுவை முழுமையடையாது.

அப்படியானால் இரண்டு நாளை எப்படி அமைக்கலாம்? இடங்களை எழுதுமுன் வேளைகளை எழுதிக்கொள்வது நல்லது. 'நிஹாரி' என்ற சொல்லே பகலைக் குறிக்கும் 'நஹார்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. இரவெல்லாம் வெந்து காலையில் உண்ணப்படுவது அது. எனவே முதல் நாள் காலையைச் சௌக்கில் நிஹாரி-குல்ச்சாவோடோ கச்சோரியோடோ தொடங்கலாம். பனிக்காலமாயின், கடைந்த பாலின் நுரையான 'மக்கன் மலாய்' கோல் தர்வாஸாப் பக்கம் காலையிலேயே கிடைக்கும். வெயில் ஏறினால் அது நிற்காது. பிறகு அவசரமின்றிச் சந்துகளில் நடக்கலாம். மரஅச்சில் நீலச் சாயம் தொட்டுத் துணியில் பூவடிப்போர் அங்கே இருக்கிறார்கள். அந்தக் கோட்டின்மேல் ஊசி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் வீட்டிலிருந்தபடி குறைந்த கூலிக்கு வேலைசெய்யும் பெண்கள். 2008-இல் சிகன் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குர்தாவின் விலையைப் பேரம்பேசிக் குறைக்கும் முன் அதில் தையலுக்கு எவ்வளவு போகும் என்று கேட்டுப் பார்க்கலாம். பிற்பகல் முழுவதையும் இமாம்பாராவுக்கே கொடுக்கலாம். முஹர்ரம் நாட்களாயின் அதைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவதே மரியாதை.

இரண்டாம் நாள் காலை ரெசிடென்சிக்கு. 1857-இன் முற்றுகையில் குண்டுபட்ட சுவர்கள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. உள்ளிருந்து காத்தவர்களுள் ஏறத்தாழ 700 பேர் இந்தியச் சிப்பாய்கள்; வெளியிலிருந்து போரிட்டவர்களும் இந்தியர்கள், பேகம் ஹஸ்ரத் மஹலின் ஆட்சியை ஏற்றவர்கள். நகரைத் திரும்பக் கைப்பற்றிய பிறகு ஆங்கிலேயர் குடியிருப்புகளை இடித்து அகன்ற சாலைகளை வெட்டினர். அதை அறிந்தவருக்கு, அன்று மாலை ஆட்டோவில் செல்லும் நேரான சாலையும் ஒரு வரலாற்றுச் சான்றாகத் தெரியும். இரவு அமீனாபாத்தில் கபாபும் குல்ஃபியும் உண்டு ரயில் ஏறலாம். விட்டுப்போனவை விட்டுப்போகட்டும்.

களைப்பாறப் போகும் இடத்துக்கும் ஆய்வு மனத்தைச் சுமந்துகொண்டு போகவேண்டுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், எல்லாப் பயணமும் பாடமாக வேண்டியதில்லை. ஆனால் இங்கே சொல்லப்படுவது கூடுதல் சுமையன்று. பன்னிரண்டு இடங்களை ஐந்தாகக் குறைத்து, மீந்த நேரத்தில் ரொட்டி சுடுபவரிடம் அவருடைய தந்தூரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதால் சுவை குறைவதில்லை. குங்குமப்பூ மணக்கும் ஷீர்மால் அப்போதும் இனிக்கும். 'ஷீர்' என்றால் பாரசீகத்தில் பால் என்பதை அவரே சொல்லக்கூடும். குழுவில் அடுத்தமுறை யாரேனும் லக்னோவைப் பற்றிக் கேட்டால், கடையின் பெயரோடு அந்த அடுப்பின் முன் நிற்பவரின் பெயரையும் சொல்ல முடிந்தால், அந்த இரண்டு நாள் வீணாகவில்லை.