நாமா, நாங்களா?

1991 மார்ச் மாதம், வளைகுடாப் போர் ஓய்ந்து சில நாள்களே ஆகியிருந்த நேரத்தில், பிரிட்டனின் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் இசைக்குழு ‘ஹைவயர்’ என்ற பாடலை வெளியிட்டது. மிக் ஜாகரும் கீத் ரிச்சர்ட்ஸும் எழுதியது. 1962இல் தோன்றிய குழு அது. பாடல் வெளிவந்தபோது இருவரும் ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தனர். ஹைவயர் என்றால் கழைக்கூத்தாடி நடக்கும் கயிறு. கூத்தாடி கால் தவறினால் விழுபவர் அவரேதான். பாடல் பேசும் கயிற்றிலோ நடப்பவர்கள் ஆட்சியாளர்கள், விழுகிறவர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்ட படைவீரர்கள்.

போர் கொடியது, சமாதானம் இனியது என்று பொதுவாகப் பாடுவதில் பெரிய ஆபத்து ஏதுமில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் போர்க்காலத்தில் அதற்கும் இடமில்லாமல் போயிற்று. வானொலியில் தவிர்க்கத்தக்கவை என்று பி.பி.சி. 67 பாடல்களைப் பட்டியலிட்டது. சமாதானம் கோரிய ஜான் லெனன் பாடல் அதில் இருந்தது. காதலைப் பாடும் அப்பா குழுவின் ‘வாட்டர்லூ’வும் இருந்தது, பெயரில் ஒரு போர்க்களம் இருந்துவிட்டதே! ‘ஹைவயர்’ இவற்றைக் காட்டிலும் ஒரு படி மேலே சென்றது. அது போரைப் பற்றிப் புலம்பவில்லை. போருக்கு முந்தைய கணக்குப் புத்தகத்தைப் பிரித்தது. ஏவுகணையும் டாங்கியும் விற்றவர் யார், வாங்குவதற்குக் கடன் கொடுத்தவர் யார், விலையைக் கச்சா எண்ணெயாகப் பெற்றுக்கொண்டவர் யார் என்பதே அதன் பொருள்.

இதில் கவிஞரின் மிகை எதுவும் இல்லை என்பதைப் பின்வந்த நிகழ்வுகள் மெய்ப்பித்தன. 1988இல், ஹலப்ஜாவில் குர்து மக்கள் நச்சுவாயுவால் கொல்லப்பட்ட அதே ஆண்டில், ஈராக்குக்கான ஏற்றுமதி விதிகளைப் பிரிட்டிஷ் அமைச்சர்கள் ஓசையின்றித் தளர்த்தினர். நாடாளுமன்றத்துக்கு அது சொல்லப்படவில்லை. ஆயுதத் தளவாடம் செய்ய உதவும் இயந்திரங்களை ஈராக்குக்கு விற்றதாக மேட்ரிக்ஸ் சர்ச்சில் நிறுவனத்தின் அதிகாரிகள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். அரசுக்கு எல்லாம் தெரிந்தே நடந்தது என்பது முன்னாள் அமைச்சர் ஆலன் கிளார்க்கின் சாட்சியத்தில் அம்பலமாகி, 1992 நவம்பரில் அந்த வழக்கு சரிந்தது. நீதிபதி ஸ்காட்டின் அறிக்கை 1996 பிப்ரவரியில் வெளிவந்தது. பிரான்ஸ் மிராஜ் விமானங்களை விற்றிருந்தது. ஈராக்கின் படைக்கலங்களில் பெரும்பகுதி சோவியத் யூனியனிலிருந்து வந்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஏகாதிபத்தியத்தைச் சாடும் பேனா இந்த இடத்தில் மட்டும் தயங்கினால், வாசகர் மற்றவற்றையும் நம்பமாட்டார்.

இப்பாடலைத் தமிழாக்க முனைபவர் முதல் வரியிலேயே ஒரு தடையில் இடறுவார். விற்பவர் தன்மைப் பன்மையில் பேசுகிறார். ஆங்கிலத்துக்கு அதற்கு ஒரே சொல் போதும். தமிழில் ‘நாங்கள்’ என்று வைத்தால் ஆயுத வணிகர் தனியே நின்று பேசுகிறார், கேட்பவர் வெளியே நிற்கிறார். ‘நாம்’ என்று வைத்தால் வரி செலுத்தும் குடிமகனும், தொழிற்சாலையில் வேலை செய்பவரும், ஏன், பாடுகிறவரும் அந்த வணிகத்துக்குள் வந்துவிடுகின்றனர்.

பாடுகிறவர்கள் உள்ளே இருந்தார்கள் என்பது வரலாறு. 1970 வரை ரோலிங் ஸ்டோன்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்ட டெக்கா நிறுவனம் ரேடார், வழிகாட்டுக் கருவிகள் ஆகியவற்றையும் செய்தது. தங்கள் பாட்டு ஈட்டிய பணம், வியட்நாமின் மீது குண்டு வீசிய அமெரிக்க விமானங்களுக்கான கருவிகளுக்குப் போனதை அறிந்து அதிர்ந்ததாகக் கீத் ரிச்சர்ட்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். 1968இல் லண்டன் அமெரிக்கத் தூதரகத்தின் முன் வியட்நாம் போரை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தில் ஜாகரும் நின்றிருந்தார். அதே ஜாகர், பிரிட்டிஷ் படை ஈராக்கில் நுழைந்த 2003இல் ‘சர்’ பட்டம் பெற்றுக்கொண்டார். இக்குழுவினர் தோழர்கள் அல்லர், பெருஞ்செல்வர்கள். அதனால் அவர்களது பாடல் பொய்யாகிவிடாது. முதலாளித்துவப் பண்பாட்டுச் சரக்கு என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கித் தள்ளும் பழக்கம் அணிகளிடையே உண்டு. அது சோம்பலின் வேறு பெயர்.

1991இல் இந்தியர் ‘நாங்கள்’ என்று மொழிபெயர்த்து ஒதுங்கிக்கொண்டிருக்கலாம். முழுவதும் அல்ல: அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க இராணுவ விமானங்கள் இந்திய மண்ணில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்ளச் சந்திரசேகர் அரசு அனுமதித்திருந்தது. இடதுசாரிகளின் எதிர்ப்பும் காங்கிரசின் எதிர்ப்பும் சேர்ந்து பிப்ரவரியில் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. எண்ணெய் ஊற்றியதோடு அன்றைய பங்கு முடிந்தது.

இன்றைய பங்கு அத்தகையதன்று. 2018 டிசம்பரில் ஹைதராபாத்தில் அதானி குழுமமும் இஸ்ரேலின் எல்பிட் நிறுவனமும் கூட்டாக ஆளில்லா விமானத் தொழிற்சாலையைத் திறந்தன. அங்கு உருவான ஹெர்மஸ் 900 வகை விமானங்கள் இஸ்ரேலுக்கு அனுப்பப்பட்டதாக 2024 பிப்ரவரியில் செய்திகள் வெளியாயின. காசாவில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இடிந்து விழுந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. இஸ்ரேலுக்கான இராணுவ ஏற்றுமதி உரிமங்களை நிறுத்தக் கோரிய மனுவை, அயலுறவுக் கொள்கை அரசின் பொறுப்பு என்று கூறி 2024 செப்டம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாலஸ்தீனத்தின் உரிமைக்கு இந்தியா துணை நிற்பதாக ஒன்றிய அரசு ஐ.நா.வில் பேசும். ஹைதராபாத்தில் வேலை நடக்கும். கயிற்றில் நடக்கும் வித்தையை டெல்லியும் கற்றுக்கொண்டுவிட்டது. இனி இந்தியர் எவரும் ‘நாங்கள்’ என்று பெயர்த்துத் தப்ப இயலாது.

அந்தப் ‘நாம்’ என்ற சொல்லை முதலில் உணர்ந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். 11 பெரிய துறைமுகங்களில் அமைப்புக் கொண்ட இந்திய நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, இஸ்ரேலுக்கோ அந்தப் போரில் ஈடுபடும் வேறு எந்த நாட்டுக்கோ ஆயுதச் சரக்கை ஏற்றவும் இறக்கவும் மாட்டோம் என்று 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஆயுதம் எந்தப் பெட்டியில், எந்தப் பெயரில் வருகிறது என்பதைச் சரக்குப் பட்டியல்கள் எப்போதும் சொல்வதில்லை. அதைக் கண்டறிந்து சொல்ல வேண்டியவர்கள் தொழிற்சாலைக்குள்ளும், கிடங்கிலும், சுங்க அலுவலகத்திலும் பணிபுரிகின்ற சங்க உறுப்பினர்கள். துறைமுகத் தொழிலாளர்கள் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது இப்போது அவர்களது கையில் இருக்கிறது.