ஒரு டிக்கோட விலை 45,000 ரூபாய்

"எல்லாம் நெட்ல சும்மாவே கிடக்குது, எடுத்துப் படிக்கிறதுக்கு என்ன வலிக்குது?"

இந்த வசனத்தைப் பேசாத பொட்டி தட்டுறவன் யாராச்சும் உண்டா மக்களே? நானே குறைஞ்சது அம்பது தடவை பேசியிருப்பேன். ஊர்ல ஏதாவது கல்யாணத்துக்குப் போனா பந்தியில பக்கத்து இலைக்காரர், "எம்பையன் இஞ்சினியரிங் முடிச்சிட்டுச் சும்மா இருக்கான், ஏதாச்சும் பாத்துச் சொல்லுப்பா"ன்னு ஆரம்பிப்பார். பாயசம் வர்றதுக்குள்ள இந்த வசனத்தை எடுத்து விட்டு, "லிங்க் அனுப்புறேன்"னு முடிச்சிட்டு அப்பளத்தைப் பாத்துத் திரும்பிடுவேன். இனிமே பேசறதா இல்லை. நீங்களும் பேசக்கூடாதுன்னு சண்டை போடத்தான் இந்தப் பதிவு.

நடந்த கதை இது. 2023-ல என் சித்தப்பா பையன் மெக்கானிக்கல் முடிச்சிட்டு வேலை கிடைக்காம இருந்தான். "அண்ணே, நானும் சாஃப்ட்வேர் பக்கம் வந்துரலாம்னு பாக்குறேன். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுண்ணே?"ன்னு கேட்டான். அன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி. உக்காந்து ஒரு மெயில் தட்டினேன் பாருங்க... மொத்தம் 43 லிங்க். ஹார்வர்டோட சிஎஸ்50, எம்ஐடி-யோட ஓப்பன்கோர்ஸ்வேர், ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் ப்ராஜெக்ட், என்பிடெல், இன்னபிற. அனுப்பிட்டு ஏதோ பள்ளிக்கூடமே கட்டிக் கொடுத்த வள்ளல் மாதிரி ஒரு டீ குடிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு சித்தி போன் பண்ணாங்க. "தம்பி, அவனை சென்னையில ஒரு கோர்ஸ்ல சேத்து விட்டாச்சுப்பா. நாப்பத்தஞ்சாயிரம் ஆச்சு. என் வளையலை வச்சுத்தான் கட்டுனோம். நல்ல எடம்தானே?"

எனக்கு வந்துச்சே கோவம்! உடனே அவனைக் கூப்பிட்டு நம்ம வசனத்தை எடுத்து விட்டேன். அவன் பொறுமையா கேட்டுட்டுச் சொன்னான். "லிங்கெல்லாம் பாத்தேன்ணே. பைதான் இன்ஸ்டால் பண்ணேன். அந்தக் கருப்புத் திரையில பைதான்னு அடிச்சா, பைதான் வாஸ் நாட் ஃபவுண்ட்னு வருது. மூணு தடவை அழிச்சு அழிச்சுப் போட்டுப் பாத்தேன். அதேதான் வருது. நமக்கு இதெல்லாம் வராது போலன்னு விட்டுட்டேன்."

"ஏன்டா எங்கிட்ட கேக்கலை?"

"இதுக்கெல்லாமா உங்களைத் தொந்தரவு பண்றதுன்னுதான்ணே..."

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்நேரம் விஷயம் புரிஞ்சிருக்கும். அப்போ இருந்த விண்டோஸ் இன்ஸ்டாலர்ல முதல் திரையோட அடியில ஒரு சின்னக் கட்டம் இருக்கும். பைதானைப் 'பாத்'ல சேர்க்கணுமான்னு கேக்கும். தானா டிக் ஆகி இருக்காது. அதை விட்டுட்டா, பைதான் வட்டுல சமத்தா உக்காந்திருக்கும். ஆனா அது எங்க இருக்குன்னு விண்டோஸுக்குத் தெரியாது. ஸ்டோர்ல போய் வாங்கிக்கோன்னு வேற வழி காட்டும். மூணு தடவை இல்லை, முப்பது தடவை போட்டாலும் அந்த டிக் இல்லாம வேலைக்காவாது.

ஒரே ஒரு டிக். பக்கத்துல ஆள் இருந்திருந்தா பத்து செகண்ட். அதோட விலை ஒரு ஜோடி வளையல்.

இதுல தப்பு யார் பேர்ல? அந்தப் பயிற்சி மையத்தைத் திட்டலாம், நல்லாவே திட்டலாம். வேலை உறுதின்னு சொன்னாங்க, கடைசியில ரெண்டு இண்டர்வியூவோட கதை முடிஞ்சது. அவங்க நடத்துன பாடத்துல நான் அனுப்பின லிங்க்ல இல்லாதது ஒண்ணுகூட இல்லை. ஆனா அவங்க பாடத்தை விக்கலை சாமி. காலைல பத்து மணிக்கு வான்னு ஒரு நேரத்தை வித்தாங்க. உக்கார ஒரு நாற்காலியை வித்தாங்க. முழிக்கிறப்ப பின்னாடி வந்து நின்னு, "தம்பி, அங்க ஒரு காற்புள்ளி விட்டுட்ட பாரு"ன்னு சொல்ற ஒரு ஆளை வித்தாங்க. நாம ஓசியில கொடுத்த 43 லிங்க்ல இந்த மூணும் இல்லை.

எங்கண்ணன் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறான்னு நினைக்காதீங்க, கணக்கும் இருக்கு. 2019-ல 'சயின்ஸ்' இதழ்ல ஒரு ஆய்வு வந்தது. ஹார்வர்டும் எம்ஐடி-யும் எடெக்ஸ் தளத்துல 2012-லேர்ந்து 2018 வரைக்கும் நடத்துன இணைய வகுப்புகளை எடுத்து அலசியிருந்தாங்க. பேர் கொடுத்தவங்கள்ல பாதிக்கும் மேல பாடத்துக்குள்ளயே போகலை. 2017-18-ல முழுசா முடிச்சவங்க நூத்துக்கு மூணு பேர் சொச்சம். சான்றிதழுக்குக் காசு கட்டினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் முடிச்சிருக்காங்க. பாடம் ஒண்ணேதான். உலகத்துலயே நல்ல வாத்தியார்கள் எடுத்த இலவச வகுப்புக்கே இந்த நிலைமைன்னா, எந்த வரிசையில படிக்கணும்னு சொல்லாம கொட்டிவிட்ட 43 லிங்க் எந்த மூலைக்கு?

"லிங்க் அனுப்புறேன்"ங்கிறது உதவி இல்லை. "ஆளை விடு"ங்கிறதோட நாகரிகமான வடிவம், அவ்வளவுதான்.

இப்ப பின்னூட்டத்துல வரப்போற ரெண்டு கேள்விக்கும் இங்கயே பதில் சொல்லிடறேன்.

முதல் கேள்வி: "இங்கிலீஷ் தெரியாதவன் ஏன் இந்தத் துறைக்கு வரணும்?" அய்யா, பைதான்ல ஒதுக்கி வச்ச சொற்கள் மொத்தமே 35. இஃப், எல்ஸ், வைல்னு அதை மனப்பாடம் பண்ண ஒரு வாரம் போதும். லூப்னா என்ன, ஃபங்ஷன்னா என்னங்கிறதைத் தமிழ்ல புரிஞ்சுக்கிட்டவன் இங்கிலீஷ் ஆவணத்தைப் பின்னாடி தட்டுத்தடுமாறியாவது படிச்சுடுவான். ரெண்டையும் ஒரே நாள்ல தலைல ஏத்தினா ரெண்டும் ஏறாது. தமிழ்ல சரக்கு இல்லைன்னும் சொல்லாதீங்க. கணியம் 2012-லேர்ந்து வருது. அதுல து. நித்யா எழுதுன 'எளிய தமிழில்' புத்தகங்கள் இலவசமாவே கிடைக்குது. ஐஐடி பாம்பேயோட ஸ்போக்கன் டுடோரியல்ல லினக்ஸ், சி, ஜாவான்னு பாடங்கள் தமிழ்க் குரல்லயே இருக்கு. வீடியோவைக் கொஞ்சம் ஓட்டி, நிறுத்தி, கூடவே செஞ்சு பாக்குற மாதிரி பண்ணியிருக்காங்க. என் மெயில்ல இது ரெண்டும் இல்லை. ஏன்னா எனக்கு ஹார்வர்ட் பேரை எழுதுறதுலதான் கெத்து. வெக்கமாத்தான் இருக்கு.

ரெண்டாவது கேள்வி: "இப்பத்தான் சாட்ஜிபிடி இருக்கே, பிழைச்செய்தியை ஒட்டினா தமிழ்லயே சொல்லுமே?" சொல்லும், ஒத்துக்கறேன். ஆனா புதுசா வர்றவனுக்கு முதல் பிரச்சினையே எதைக் கேக்கணும்னு தெரியாததுதான். கேட்டா முழு நிரலையும் எழுதிக் கையில கொடுத்துடுது. வாங்கி ஒட்டிட்டு, ஓடுதுன்னு சந்தோஷப்பட்டு, அடுத்த நாள் ஒரு வரி மாத்தச் சொன்னா முழிக்கிறான். அப்புறம், "நமக்கு வராது போல"ன்னு ஒருத்தன் மனசு விட்டுட்டான்னா, அவன் அந்தப் பொட்டியைத் திறந்தாதானே அது பதில் சொல்லும்? திறக்க வைக்க ஒரு மனுஷன் வேணும்.

சரி, திட்டினது போதும். என்னதான் பண்ணச் சொல்றன்னு கேக்குறீங்களா? மூணே மூணு.

ஒண்ணு, 43 வேண்டாம், ஒண்ணே ஒண்ணு கொடுங்க. வெப் பக்கம் போறவனுக்கு ஃப்ரீகோட்கேம்ப். பைதான்னா ஆல் ஸ்வைகார்ட் எழுதுன 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப்'. முழுப் புத்தகமும் அவர் தளத்துல இலவசமா படிக்கலாம். காலேஜ் மாதிரி ஒழுங்கா போகணும்னா என்பிடெல்ல சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் எடுத்த பைதான் வகுப்பு. அதை முடிக்கிற வரைக்கும் அடுத்த லிங்கைக் கண்ணுல காட்டாதீங்க.

ரெண்டு, வாரத்துக்கு ஒரு மணி நேரம். நானும் அவனும் ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கு உக்கார்றோம். அவன் திரையை எனக்குக் காட்டுவான், நான் கைவைக்க மாட்டேன். பாதி நேரம் சும்மா பேசிக்கிட்டுதான் இருப்போம். ஆனா ஞாயித்துக்கிழமை அண்ணன் வருவான்னு வாரம் பூரா ஏதாவது தட்டிப் பாத்து வச்சிருக்கான். சித்தப்பாவோட அரிசி மண்டிக் கணக்கை எக்செல்லேர்ந்து எடுத்து, யார் யார் பாக்கின்னு பட்டியல் போடுற நிரல்தான் அவன் சொந்தமா எழுதுன முதல் நிரல். சித்தப்பா அதைத்தான் நம்புறார், கணக்குப்பிள்ளையை இல்லை :-)

மூணு, இது நம்ம பதிவர்களுக்கு. சினிமா விமர்சனம் ஆளுக்கு அம்பது எழுதியாச்சு. நீங்க முதன்முதலா மாட்டி முழிச்ச ஒரே ஒரு பிழைச்செய்தியை எடுத்து, அது ஏன் வருது, எப்படிப் போகும்னு தமிழ்ல ஒரு பதிவு எழுதுங்க. நூறு பேர் எழுதினா நூறு முட்டுச்சந்து திறக்கும். முதல் பதிவை நான் எழுதறேன். தலைப்பு: 'பைதான் கிடைக்கலைன்னு விண்டோஸ் சொன்னா என்ன செய்வது?'

சித்தி வளையல் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு. மீட்கிற செலவுல பாதி என்னுதுன்னு சொல்லியிருக்கேன். நியாயமா பாத்தா முழுசும் என்னுதுதான்.

டிஸ்கி: காசு வாங்கிட்டு ஒழுங்கா சொல்லித்தர்ற மையங்களும் இருக்கு, அவங்க யாரும் ஆட்டோ அனுப்ப வேண்டாம். இந்தப் பதிவுல உள்குத்து எதுவும் இல்லை. குத்து மொத்தமும் வெளிப்படையா எனக்குத்தான்.