பறிபோனது எந்த வேலை?

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் இருக்கும் தெருவில் நடந்து பாருங்கள். கேட்டுக்குக் கேட் அட்டை தொங்கும்: ‘டெய்லர், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை.’ எதிர் டீக்கடையில் நின்றுகொண்டு நம்மவர்கள் சொல்கிறார்கள்: “வடக்கத்திக்காரன் வந்து நம்ம வேலையெல்லாம் பறிச்சுட்டான்.” பறிபோன வேலைக்கு இன்னும் ஏன் ஆள் தேடுகிறார்கள்?

ஒரு தலைமுறை எண்ணிக்கையில் குறையாமலிருக்கப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தை வேண்டும். 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் சராசரி 1.8; பீகாரில் 4. அந்தப் பிள்ளைகள்தான் இப்போது வேலைக்கு வரும் வயதில் இருக்கிறார்கள். அன்று இங்கே பிறக்காத பிள்ளைதான் இன்று மிஷினில் உட்காராத ஆள். பிறந்தவர்களிலும் பலர் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். 2021-22இல் நம் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியச் சராசரி 28.4. இரண்டும் நாம் விரும்பித் தேடிய வெற்றிகள். சிறு குடும்பமும் வேண்டும், பிள்ளைக்குப் பட்டமும் வேண்டும், கைமடிக்கு ஆளும் உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும் என்றால் நடக்குமா?

பட்டதாரிக்கு வேலை கிடைக்கவில்லை என்பது நிஜம். ஆனால் அவர் காத்திருக்கும் நாற்காலியில் ஒடிசாக்காரர் உட்கார்ந்திருக்கவில்லை.

வேலை என்பது பந்தியில் எண்ணிப் போட்ட இலை, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவருக்கு இல்லை என்ற நினைப்பில்தான் கோளாறு. ஓவர்லாக் மிஷினில் ஆள் இல்லாவிட்டால் கட்டிங் மாஸ்டர் வெட்டிய துணி அப்படியே கிடக்கும். செக்கிங் அக்காவுக்கும் அயர்ன் மாஸ்டருக்கும் கைக்கு வேலை வராது. வந்தவர் தைத்தால்தான் உள்ளூர்க்காரருக்கும் சம்பளம். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவர் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவியபோது, அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்களோ என்று முதலில் பதறியது தொழில் நகரங்கள்தான்.

“அவன் குறைந்த கூலிக்கு வருகிறான், நம் கூலி ஏற மாட்டேன் என்கிறது” என்பவரிடம் நியாயம் இருக்கிறது. ஆனால் கூலியைக் குறைப்பது வந்தவரா, கொடுப்பவரா? ஒரே வேலைக்கு உள்ளூர்த் தொழிலாளிக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம் 1979இலேயே சொன்னது. கேட்க நாதியில்லாத ஆளைத் தேடித்தான் காண்ட்ராக்டர் போகிறார். வந்தவருக்கும் அதே கூலி, அதே பி.எஃப்., அதே இ.எஸ்.ஐ. என்று ஆக்கிவிட்டால், அவரைக் காட்டி நம் கூலியை அடிக்க முடியாது.

1960களில் பம்பாயில் இதே பேச்சு நடந்தது. மராட்டியர் வேலையைப் பறிப்பவர்கள் என்று சிவசேனா விரல் நீட்டியது தென்னிந்தியர்களை, அதாவது நம்மையும் சேர்த்து. அப்போது நமக்கு வலித்தது.

டீக்கடையில் அடுத்தமுறை அந்தப் பேச்சு எழுந்தால் பக்கத்தில் நிற்கும் பீகார்க்காரரிடம் எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஷிப்டுக்கு என்ன கூலி என்று கேளுங்கள். உங்கள் கூலிக்கான சண்டை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.