கத்திரி வெயிலுக்கு ஒரு கத்திரிக்கோல்!

என்ன ஃப்ரெண்ட்ஸ்... செமஸ்டர் முடிஞ்சு மூட்டை முடிச்சோட ஊருக்கு வந்து சேர்ந்தாச்சா? இப்போ பீரோவைத் திறந்து சின்னதா ஒரு கணக்கு எடுங்க. உள்ளே இருக்குற டிரெஸ்ல எத்தனை, மே மாச மத்தியானம் 2 மணிக்குப் போட்டுக்கிட்டு டவுன் பஸ்ல நிக்கிற மாதிரி இருக்கு? பர்த்டேக்கு எடுத்தது பாலியஸ்டர். கல்ச்சுரல்ஸுக்கு எடுத்தது வெளியே நெட், உள்ளே லைனிங். ஜீன்ஸைப் பத்திப் பேசவே வேணாம்! நம்ம ஊர் வெயிலுக்குன்னே எடுத்ததைத் தனியா அடுக்கினா, எண்ணி முடிக்க ஒரு கை விரலே ஜாஸ்தி.

எங்க அரிமளம் பக்கம் வந்து பாருங்க. செம்மண் தரை, சுத்திலும் தைலமரக் காடு. தூரத்துல இருந்து பார்த்தா பச்சைப் பசேல்னு இருக்கும். கிட்டே போனா குளுமை மட்டும் இருக்காது. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி இறங்குறதுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிக்கும். இந்த வெயிலை நாம மாத்த முடியாது. சட்டையை மாத்தலாம் இல்லையா?

அதனால இந்த வாரம், கத்திரி வெயிலுக்குக் கத்திரிக்கோலாலேயே பதில் சொல்லப் போறோம். அதாவது, நம்ம சம்மர் டிரெஸ்ஸை நாமளே வரைஞ்சு, நாமளே வெட்டி, நாமளே தைக்கிறது. 'ஐயே, இது லேடீஸ் பக்கமா?'ன்னு தாண்டிப் போகப் பாக்குற மெக்கானிக்கல் மச்சான்களே... கொஞ்சம் நில்லுங்க. இதுல நம்ம ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் கிராஃபிக்ஸ் வருது!

எம்... எல்... எக்ஸெல்... யாரோட அளவு?

கடையில டிரையல் ரூம்ல நின்னு, 'தோள் சரியா இருக்கு, இடுப்பு பிடிக்குது. இடுப்பு சரியா இருக்கு, தோள் தொங்குது'ன்னு நொந்து போயிருக்கீங்களா? உடனே நாம என்ன நினைப்போம்? 'நமக்கு உடம்பு சரியில்லை, குறைக்கணும்' இல்லேன்னா 'ஏத்தணும்'. தப்பு உடம்பு மேல இல்லை பாஸ், சார்ட் மேல!

ரெடிமேட் கம்பெனிகள் பல வருஷமா அமெரிக்க, இங்கிலாந்து சைஸ் சார்ட்டைத்தான் அங்கே இங்கே திருத்தி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. இந்தியர்களுக்குன்னு ஒரு சைஸ் சார்ட் தயாரிக்கிற 'இந்தியா சைஸ்' திட்டத்தை நிஃப்ட் கையில எடுத்ததே 2018 வாக்குலதான். 15 வயசுல இருந்து 65 வயசு வரைக்கும், 25,000-க்கும் மேற்பட்டவங்களை 6 நகரங்கள்ல முப்பரிமாண ஸ்கேனர்ல நிறுத்தி அளவெடுக்கிற திட்டம் அது. நல்ல விஷயம்தான். ஆனா அந்த 6 நகரங்கள்ல அரிமளம் இல்லை. உங்க ஊரும் அநேகமா இருக்காது!

அப்படியே இருந்தாலும், சார்ட்ங்கிறது சராசரி. சராசரி ஆள்னு ஒருத்தர் எந்தத் தெருவுலயும் கிடையாது. ஒரு கை கொஞ்சம் நீளம், ஒரு தோள் கொஞ்சம் இறக்கம்னுதான் நாம எல்லாருமே. உங்க அளவு ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. உங்க மேல சுத்தின இஞ்ச் டேப்ல!

நியூஸ் பேப்பரே போதும்!

அளவை வெச்சு முதல்ல பேப்பர்ல வரைஞ்சு, அதைத் துணி மேல போட்டு வெட்டுறதுதான் 'பேட்டர்ன்'. வீட்டுல தைக்கிறவங்களுக்காக, சைஸ் வாரியாப் பேப்பர் பேட்டர்ன் போட்டு வித்து பெரிய பிசினஸ் ஆக்கினவர் எபினேசர் பட்டரிக். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் பக்கம் ஒரு சின்ன ஊர்ல இருந்த டெய்லர். வருஷம் 1863. கடைக்குப் போக முடியாதவங்க தபால்ல பேட்டர்ன் வாங்கி வீட்டுலயே தைச்சுக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல பேட்டர்ன் வேற ரூபத்துல இருக்கு. அதுக்குப் பேர் 'அளவு ஜாக்கெட்'! டெய்லர்கிட்ட போறப்போ அம்மா பழைய ஜாக்கெட் ஒண்ணைக் கையோட எடுத்துட்டுப் போவாங்களே, அதான். 'இதே மாதிரி, கை மட்டும் அரை இஞ்ச் ஏத்தி'ன்னு ஒரே வரியில சொல்லி முடிச்சிடுவாங்க. பேட்டர்ன், ஆல்டரேஷன் எல்லாமே அந்த ஒரு வரியில அடக்கம். எங்க தெருவுல மெஷின் வெச்சிருக்கிற அக்கா, நல்லா அமைஞ்ச அளவை எல்லாம் நியூஸ் பேப்பர்ல வெட்டி, பேர் எழுதி, ஆணியில கோத்து மாட்டி வெச்சிருக்காங்க. அடுத்த வருஷம் அதே ஆள் வந்தா, மறுபடி அளவெடுக்குற வேலையே இல்லை. நம்ம பாஷையில சொல்லணும்னா, டேட்டாபேஸ்!

இதுல கிராஃபிக்ஸ் எங்கே வந்துச்சு?

'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்' ஞாபகம் இருக்கா? ஒரு உருளையைப் பிரிச்சு விரிச்சா செவ்வகம். கூம்பை விரிச்சா விசிறி. அந்த உருளையைச் சாய்வா வெட்டிட்டு விரிச்சா? அலை அலையா ஒரு வளைவு வரும், சைன் கர்வ். இப்போ ஒரு பழைய சட்டையோட கையைத் தையல் பிரிச்சு, தரையில விரிச்சுப் பாருங்க. மேல்பக்கம் மணி மாதிரி ஒரு வளைவு இருக்கும். நம்ம கை ஒரு உருளை, தோள் அதைச் சாய்வா வெட்டுற தளம். உடம்பு கச்சிதமான உருளை இல்லைங்கிறதால கர்வும் கச்சிதமா வராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்பர்லா ஸ்கர்ட்? சுத்தமான வட்டக் கணக்கு! இடுப்பு 28 இஞ்ச்னா, முழு வட்ட அம்பர்லாவுக்கு உள்வட்ட ஆரம் 28-ஐ 2 பை-யால வகுக்கணும். சுமார் 4½ இஞ்ச். அரை வட்டம்னா வெறும் பை-யால வகுக்கணும், 9 இஞ்ச். ஸ்கர்ட் நீளம் 30, கீழே மடிக்க 1. ஆக மொத்தம் 40 இஞ்ச் ஆரத்துல ஒரு அரை வட்டம். 44 இஞ்ச் பன்னா (துணியோட அகலத்துக்குக் கடைக்காரங்க வெச்சிருக்கிற பேரு) இருக்கிற துணியில, இரண்டே கால் மீட்டர்ல ஜோடிப்பே இல்லாம முடிஞ்சிடும். சைடுல ஒரு ஜிப் வெச்சா ஸ்கர்ட் ரெடி!

முதல் டாப்ஸ்... இப்படி!

ஆரம்பத்துலயே காலர், காஜா எல்லாம் வேணாம். தோளும் கையும் ஒரே துண்டா வர்ற லூஸ் டாப்ஸ்தான் வெயிலுக்கும் நல்லது, கத்துக்கவும் நல்லது. பசங்க இதையே நீளம் குறைச்சு வீட்டு ஜிப்பாவாப் போட்டுக்கலாம்.

துணி: காட்டன்தான், சந்தேகமே இல்லை. சாதாரண ஈரப்பதத்துல பஞ்சு தன்னோட எடையில சுமார் 7, 8 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கி வெச்சுக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வை எங்கே போகும்? உங்க முதுகுலயே நிக்கும்! 2 மீட்டர் எடுங்க. காசு செலவு பண்ண மனசில்லையா? பாட்டியோட பழைய காட்டன் புடவையைக் கேளுங்க. எங்க பக்கத்துல காரைக்குடி கண்டாங்கின்னா ஏக மவுசு. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின புடவை. பெரிய பெரிய கட்டம், துவைக்கத் துவைக்க மெத்துனு ஆகிடும். ஒரு புடவையில ரெண்டு டாப்ஸ் தாராளமா வரும். (பாட்டி சம்மதம் முக்கியம்!)

முதல் வேலை: புதுத் துணின்னா ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊற வெச்சு, காயப்போட்டு, இஸ்திரி போட்டு அப்புறம்தான் வெட்டணும். காட்டன் சுருங்கும். தைச்சப்புறம் சுருங்குறதுக்கு வெட்டுறதுக்கு முன்னாடியே சுருங்கிட்டுப் போகட்டுமே.

கணக்கு: மார்புச் சுத்தளவு 34-னு வெச்சுக்குங்க. காத்து உள்ளே போய் வர 6 இஞ்ச் லூஸ். மொத்தம் 40. அதுல நாலுல ஒரு பங்கு 10. தையலுக்கு 1. ஆக 11 இஞ்ச். (இடுப்புக்குக் கீழே சுத்தளவு அதிகம்னா அந்த அளவை வெச்சுக் கணக்குப் போடுங்க.) நீளம் 30, மடிக்க 2, ஆக 32.

வரையறது: நியூஸ் பேப்பரை ஒட்டிப் பெரிசாக்குங்க. இடது ஓரம்தான் உடம்போட நடுக்கோடு, மேல் ஓரம் தோள். நடுக்கோட்டுல இருந்து 14 இஞ்ச் தள்ளி கை முடியும். அங்கே இருந்து கீழே 8 இஞ்ச், கை அகலம். தோள்ல இருந்து 10 இஞ்ச் கீழே, நடுக்கோட்டுல இருந்து 11 இஞ்ச் தள்ளி அக்குள். அங்கே இருந்து நேராக் கீழே இறக்குங்க. அக்குள் மூலையைக் கூர்மையா விடாம வளைச்சு வரைங்க. ஏன்னு மெஷின் டிசைன் படிச்சவங்களுக்குச் சொல்லவே வேணாம். கூர்மையான மூலையிலதான் இழுவை எல்லாம் போய்க் குவியும், கிழியுறதும் அங்கேதான். அதுக்குத்தானே ஃபில்லெட்!

வெட்டுறது: துணியை நீளவாக்குல ரெண்டா, அப்புறம் குறுக்குவாக்குல ரெண்டா, ஆக நாலு மடிப்பு. ரெண்டு மடிப்பும் சேர்ற மூலையில பேட்டர்னோட கழுத்துப் பக்கம் உக்காரணும். கழுத்து அகலம் 3½, ஆழம் 3. நாலு மடிப்பையும் சேர்த்து வெட்டுங்க. அதான் பின் கழுத்து. அப்புறம் பிரிச்சு, முன்பக்கத்தை மட்டும் 6 வரைக்கும் இறக்குங்க. இன்னொரு விஷயம்... தோள்ல ஜோடிப்பு இல்லாததால யானை, மயில்னு நிக்கிற டிசைன் துணி எடுக்காதீங்க. முன்னாடி யானை நிக்கும், முதுகுல தலைகீழாத் தொங்கும்!

கழுத்துக்குக் கிராஸ் பீஸ்: மிச்சத் துணியில 45 டிகிரி சாய்வா, 1¼ இஞ்ச் அகலத்துல பட்டை வெட்டுங்க. நேரா வெட்டின பட்டை வளைவுல சுருக்கம் விழும். சாய்வா வெட்டினது வளைஞ்சு கொடுக்கும். துணியில ஊடும் பாவும் சதுரம் சதுரமா நிக்குது. மூலைவிட்டத்துல இழுத்தா சதுரம் சாய்சதுரமாகும், அதான் நீள்றது.

தைக்கிறது: முதல்ல கழுத்து. அப்புறம் கை முனையில ஆரம்பிச்சு அக்குள் வழியா கீழ் வரைக்கும் ஒரே தையல். கடைசியா மடிப்பு. மெஷின்ல கால் பழகலையா? நூல் கோக்காம, பழைய ரெக்கார்டு நோட்டுல கோடு மேல ஓட்டிப் பழகுங்க. ரெக்கார்டு நோட்டுக்கு இப்படியாவது ஒரு உபயோகம்!

பொண்ணுங்களுக்கு ஸ்பெஷல்: சைடு தையல் போடுறதுக்கு முன்னாடி, 7½ இஞ்ச் ஆழத்துல ஒரு பாக்கெட் வெச்சுடுங்க. போன் உள்ளே உக்காரும். எந்தக் கடையிலயும் கெஞ்ச வேணாம்!

மாஸ்டரும் அக்காவும்

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒண்ணு. கடைத்தெருவுல மெஷின் போட்டு ஒரு ஆம்பளை தைச்சா அவர் 'மாஸ்டர்'. அதே கணக்கை, அதே கர்வை வீட்டுத் திண்ணையில ஒரு பொம்பளை போட்டா, 'சும்மா வீட்டுலதான் இருக்காங்க... ஏதோ தைக்கிறாங்க'. இந்த வித்தியாசம் உங்களை உறுத்தலையா?

1924-ல காந்தியைப் பார்த்து ஒரு மாணவர் கேட்டார், 'எல்லா மெஷினையும் எதிர்க்கிறீங்களா?' கேட்டவர் ஜி.ராமச்சந்திரன், அப்போ அவருக்கு நம்ம வயசு, 20! இதே ராமச்சந்திரன்தான் பின்னாடி 1947-ல மனைவி சௌந்தரத்தோட சேர்ந்து திண்டுக்கல் பக்கத்துல காந்திகிராமத்தை ஆரம்பிச்சவர். அன்னிக்கு காந்தி விதிவிலக்குன்னு சொன்ன மெஷின் எது தெரியுமா? சிங்கர் தையல் மெஷின்! மனுஷனைத் துரத்தாம, மனுஷனுக்கு உதவியா இருக்கிற மெஷின்ங்கிறது அவரோட கட்சி.

தமிழ்நாட்டுல அந்த மெஷின் எத்தனையோ வீடுகளைத் தாங்குது. சத்தியவாணி முத்து அம்மையார் பேர்ல அரசு இலவசத் தையல் மெஷின் திட்டமே வெச்சிருக்கு. சத்துணவு சாப்பிடுற பிள்ளைங்களுக்கு வர்ற இலவச யூனிஃபார்மைத் தைக்கிறது மகளிர் தையல் கூட்டுறவு சங்கங்கள்ல இருக்கிற பெண்கள். கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சிருந்தா, உங்க சின்ன வயசுத் தோள் அளவு ஏதோ ஒரு அக்காவோட கைக்குத் தெரிஞ்சிருக்கும்.

நாலு வருஷம் படிச்சு, சாய்வா வெட்டின உருளையை விரிக்க நாம ஸ்கேலும் செட் ஸ்கொயரும் தேடுறோம். எங்க தெரு அக்கா சாக்பீஸால, பேசிக்கிட்டே, டேப்பைக்கூடப் பாக்காம அதே வளைவைப் போடுறாங்க. நீங்க ஒரே ஒரு டாப்ஸை முழுசாத் தைச்சு முடிச்சுட்டு, அப்புறம் போய் டெய்லர்கிட்ட 'தையல்கூலி ரொம்ப அதிகம்க்கா, குறைச்சுக்குங்க'ன்னு கேட்டுப் பாருங்க. வாய் வராது!

லீவு இன்னும் பாக்கி இருக்கு. இஞ்ச் டேப், நியூஸ் பேப்பர், 2 மீட்டர் காட்டன். வீட்டுல மெஷின் இல்லேன்னா பக்கத்து வீட்டு அக்காகிட்ட மத்தியானம் ஒரு மணி நேரம் கேளுங்க. வெட்டின பேப்பரைத் தூக்கிப் போடாதீங்க. பேரும் தேதியும் எழுதி ஆணியில மாட்டி வையுங்க. அடுத்த கத்திரிக்கு அளவு மாறியிருந்தா பக்கத்துலயே பென்சில்ல ஒரு கோடு போட்டுக்கலாம்.

சரி ஃப்ரெண்ட்ஸ்... அடுத்த வாரம் பார்ப்போம். வர்றப்போ பாக்கெட்ல கை விட்டுக்கிட்டு வாங்க!