இரசமும் ஈயமும்: விடுபட்ட மூன்றாவது நிரல்

"இரசம், ஈயம் ஆகிய உலோகங்களின் இயல்புகளையும் பயன்களையும் ஒப்பிடுக." இரசாயனவியல் படித்தவர்களுக்கு இந்த வகைக் கேள்வி புதிதில்லை. தாளில் கோடு கீறி, இரண்டு நிரல் போட்டு, பாடமாக்கினதை இறக்கி வைத்தால் புள்ளி விழும். இரசம்: அணு எண் 80, உருகுநிலை மறை 38.8 பாகை செல்சியஸ், அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 13.5 கிராம். ஈயம்: அணு எண் 82, உருகுநிலை 327.5 பாகை, அடர்த்தி 11.3 கிராம். ஈயக்குண்டை இரசத்தில் போட்டால் மிதக்கும் என்று சொல்லி ரியூசன் சேர் வகுப்பைச் சிரிக்க வைப்பார். பிறகு பயன்கள். இரசம் வெப்பமானிக்கும் பாரமானிக்கும் பல் அடைக்கவும். ஈயம் பற்றரிக்கும் வலைக்குண்டுக்கும் எக்ஸ்-கதிர் தடுப்புக்கும். கடைசியில் ஒரு வரி: "இரண்டும் நச்சுத்தன்மை உடையவை."

எங்கட சண்டை அந்தக் கடைசி வரியோடுதான்.

அந்த வரியில் ஆட்களே இல்லை. சிவப்புக் கல்லுக்குள் இரசமும் கறுப்புக் கல்லுக்குள் ஈயமும் கோடிக்கணக்கான வருசம் ஒருவருக்கும் கரைச்சல் குடுக்காமல் கிடந்தவை. தோண்டியது ஆர், விற்றது ஆர், நஞ்சென்று தெரிந்தும் மறைத்தது ஆர், கடைசியில் உடம்பில் வாங்கியது ஆர்? இதற்கெல்லாம் அட்டவணையில் இடம் இல்லை. மூன்றாவது நிரல் ஒன்று வேண்டும் என்று கேட்கிறோம்.

அதற்காக இயல்புகளைத் தட்டிவிடச் சொல்லவில்லை. ஆபத்து எந்த வழியால் வரும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. இரசம் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகும். உடைந்த வெப்பமானியின் துளியைத் தவறி விழுங்கினால் பெரும்பாலும் உடம்பில் சேராமல் வெளியே போய்விடும். அதே துளி பூட்டிய அறைக்குள் ஆவியானால், சுவாசிக்கும் ஆவியில் ஏறக்குறைய 80 வீதம் இரத்தத்துக்குப் போய்விடும். நீரில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதை மெதைல் இரசமாக்கும். சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்னும் பெரிய மீனில் கூட, அதைத் தின்னும் மனிதரில் இன்னும் கூட என்று அது ஏறும்.

ஈயத்தின் வழி வேறு. விறகடுப்பிலேயே உருகும், மெத்தென்று வளையும், லேசில் துருப்பிடிக்காது. மலிவாக எல்லா இடத்துக்கும் போனது அதனால்தான். உடம்பு அதைக் கல்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேமிக்கிறது. அங்கே அது பத்து இருபது வருசம் கிடக்கும். ஒரு பெண் கர்ப்பமானால் எலும்பிலிருந்து கரைந்து பிள்ளைக்கும் போகும். பிள்ளைகளில் அது முதலில் தொடுவது மூளையை. கவனம் நிற்காது, படித்தது ஏறாது. பார்த்தவுடன் தெரிகிற அடையாளம் ஒன்றும் இருக்காது. வகுப்பில் அந்தப் பிள்ளைக்கு "மொக்கு" என்று பெயர் வைத்துவிட்டு நாங்கள் போய்க்கொண்டிருப்போம். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று அறியப்பட்ட ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உலகில் மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளையின் இரத்தத்தில் கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருக்கலாம் என்று 2020 இல் யுனிசெப் கணக்குச் சொன்னது.

இனி மூன்றாவது நிரலை நிரப்புவோம். முதலில் இரசம்.

ஜப்பானின் மினமாற்றாவில் சிசோ என்ற கம்பனி இரசக் கழிவைக் கடலுக்குள் விட்டது. பூனைகள் வலிப்பு வந்து செத்தன. 1956 இல் மனிதரில் நோய் பதிவானது. 1959 இல் கம்பனியின் சொந்த மருத்துவரே தொழிற்சாலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். அதற்கும் அதே நோய் வந்தது. கம்பனி அந்த முடிவை வெளியே விடவில்லை. கழிவு 1968 வரை போனது. அந்த வருசம் நிறுத்தியதும் மனம் மாறியதால் அல்ல, அந்த உற்பத்தி முறை பழசாகிவிட்டதால். நோய்க்கு இன்றைக்கும் ஊரின் பெயர்தான். விட்டவனின் பெயர் இல்லை.

அடுத்தது ஈயம். 1921 இல் வீட்டுக்குள் பூசும் வெள்ளை ஈயப் பெயின்றைக் கட்டுப்படுத்த ஜெனீவாவில் ஒரு சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கை நிறைவேறியது. ஈயம் நஞ்சு என்பது அப்போதே உலகுக்குத் தெரியும். அதே வருசம் டிசம்பரில்தான், பெற்றோலில் ஈயச் சேர்வை ஒன்றைக் கலந்தால் இயந்திரம் 'டக் டக்' என்று இடிக்காது என்று தோமஸ் மிட்ஜ்லி அமெரிக்காவில் கண்டுபிடித்தார். மதுசாரம் கலந்தும் அதைச் செய்திருக்கலாம். ஆனால் மதுசாரத்துக்குக் காப்புரிமை எடுத்துக் காசு பார்க்க ஏலாது. சந்தைக்கு வந்தபோது வைத்த பெயர் 'எதில்'. ஈயம் என்ற சொல்லே அதில் இல்லை. 1924 இல் நியூ ஜேர்சி சுத்திகரிப்பு ஆலையில் ஐந்து தொழிலாளர் புத்தி பேதலித்துச் செத்தார்கள். மிட்ஜ்லி பத்திரிகையாளர் முன் அந்தத் திரவத்தில் கை கழுவிக் காட்டினார். முந்தின வருசம் ஈய நஞ்சால் தானே ஓய்வெடுக்கப் போயிருந்த மனுசன் அவர். இலங்கையில் ஈயப் பெற்றோல் 2002 இல்தான் நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் நிறுத்தியது. தெரிந்த நஞ்சை நிறுத்த நூறு வருசம்.

தமிழ்நாட்டையும் பாருங்கள். 1983 இல் அமெரிக்காவின் வோட்டர்டவுனில் மூடிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று கொடைக்கானல் மலைக்கு வந்தது. பிறகு அது யூனிலீவரின் கைக்குப் போனது. 2001 இல் இரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே வந்தபிறகுதான் ஆலை மூடப்பட்டது. தொழிலாளருக்குப் பாதிப்பில்லை என்றே கம்பனி சொல்லிவந்தது. 2015 இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் ஒரு ராப் பாட்டுப் பாடினார், உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 இல் 591 முன்னாள் தொழிலாளருடன் கம்பனி உடன்பாட்டுக்கு வந்தது. எவ்வளவு காசு என்று வெளியிடவில்லை.

"உதெல்லாம் பழங்கதை. பற்றரி இல்லாமல் ஓட்டோ ஓடுமோ?" என்று கேட்பினம். நியாயமான கேள்வி. ஓடாது. உலகில் எடுக்கிற ஈயத்தில் மிகப் பெரும்பகுதி பற்றரிக்குத்தான் போகிறது. ஈயமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செத்த பற்றரியை வீட்டு வளவுக்குள் உடைத்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, தகட்டை உருக்குகிற வேலை ஏன் எப்போதும் காசில்லாதவன் தலையில் விழுகிறது என்று கேட்கிறோம். அந்தப் புகை படிந்த மண்ணில் விளையாடுவது அவன்ர பிள்ளை.

சரி, இரசம்? அது எங்கட முகத்திலேயே இருக்கலாம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை இரச உப்புகள் தடுக்கும். அதனால்தான் சில "ஏழு நாளில் வெள்ளை" கிறீம்களுக்குள் அதைப் போடுகிறார்கள். சிறுநீரகம் பழுதாகும். துவாயிலும் தலையணையிலும் பட்டு ஆவியாகி, கிறீம் பூசாத பிள்ளைகளுக்கும் போகும். டப்பாவில் உள்ளடக்கம் எழுதியிருக்காது, எழுதினாலும் இரசம் என்று எழுதமாட்டார்கள். 'எதில்' என்று பெயர் வைத்தவனும் இந்தக் கிறீம்காரனும் ஒரே பள்ளிக்கூடம்தான். ஆனால் கிறீம்காரனை மட்டும் ஏசித் தப்ப ஏலாது. மணமகள் தேவை விளம்பரத்தில் "சிவந்த நிறம்" கேட்கிற வீடும், "பிள்ளை கறுத்துப் போச்சு" என்று ஒப்பாரி வைக்கிற மாமியும் அந்த வியாபாரத்தின் பங்காளிகள். நிறவெறிதான் அந்தச் சரக்குக்குச் சந்தை.

இரசத்துக்கு மினமாற்றா உடன்படிக்கை இருக்கிறது. 2013 இல் ஏற்கப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் உண்டு. இரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025 உடன் ஒழிப்பதென்று 2023 இல் தீர்மானித்தார்கள். ஈயம் முழுவதற்குமென்று அப்படி ஓர் உடன்படிக்கை இன்றுவரை இல்லை. இரசத்தின் பலிகளைப் படம் பிடிக்கலாம், கை கால் முறுக்கிய பிள்ளையின் படம் உலகை உலுக்கியது. ஈயத்தின் பலியைப் படம் பிடிக்க ஏலாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் தெருவுக்கு வந்தது, ஏனென்றால் அது மணத்தது. நீரில் கரைந்த ஈயத்துக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைக் காண ஆய்வுகூடம் வேண்டும், ஆய்வுகூடத்துக்கு அரசு காசு ஒதுக்க வேண்டும்.

"சட்டம் போட்டு என்ன, ஆர் கேட்கிறது?" என்கிற சலிப்புக்கும் பதில் இருக்கிறது. பங்களாதேசில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர ஈயக் குரோமேற்று கலந்தார்கள். 2019 இல் சந்தை மாதிரிகளில் 47 வீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் அதை வெளியே சொன்னார்கள், பத்திரிகைகள் எழுதின, அரசு ஆலைகளையும் சந்தைகளையும் சோதித்துத் தண்டம் போட்டது. 2021 இல் அது பூச்சியம். பணக்கார நாடொன்று செய்த வேலை இல்லை இது.

ஆகவே எங்கட கோரிக்கைகள் சின்னவைதான். பாடப்புத்தகத்தில் மினமாற்றாவும் கொடைக்கானலும் ஈயப் பெற்றோலும் பயன்களுக்குப் பக்கத்திலேயே வரட்டும். உள்ளடக்கம் எழுதாத கிறீமைக் கடைகளிலிருந்து எடுக்கட்டும். பழைய பற்றரியை விற்றவனே திருப்பி வாங்கட்டும். பற்றரி உடைக்கிற, பெயின்ற் சுரண்டுகிற இடங்களுக்கு அருகில் உள்ள பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயம் பார்க்கட்டும். அதுவரை, வாசிக்கிற நீங்கள் ஒரு வேலை செய்யலாம். இன்றைக்கே வீட்டில் இருக்கிற வெள்ளைக் கிறீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். என்னென்ன போட்டது என்று அதில் எழுதியில்லை என்றால் முகத்தில் பூசாதீர்கள். தங்கச்சிக்கும் சொல்லுங்கள், மாமிக்கும் சொல்லுங்கள்.