ஊர் முடிவு என்றால் யார் முடிவு?

'ஊரே கூடி எடுத்த முடிவு, இதுதானே ஜனநாயகம்?' களப்பணிக்குப் போகும் கிராமங்களில் எங்களிடம் இப்படிக் கேட்கிறார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்திலும் இதே ஊர் முடிவுதான். 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகள் அவை. ஒன்று, வேட்புமனுவே விழாது. இல்லையென்றால், ஊர் நிறுத்திய ஆள் ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2006 வரை இந்தக் கூத்துதான்.

அந்த ஊர்க்கூட்டத்தில் சேரிக்கு இடம் இருந்ததா? கூலியும் கடன் அரிசியும் ஊர்க்காரர் கையில் இருக்கையில் எதிர்த்துப் பேச யாருக்குத் துணிவு வரும்? துணிந்து நின்று ஜெயித்த மேலவளவு முருகேசனை 1997இல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். ஆதிக்க சாதிக்குள்ளேயே ஒருவர் மறுத்துப் பேசினாலும் ஊர்விலக்கம்தான்.

இனி 'ஊர் முடிவு' என்று சொல்பவரிடம் கேட்போம்: எதிர்த்தவர் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள்?