நம் ஈரத்தில் தேறட்டும் பசுமைக் கூரை

விழுப்புரம், திண்டிவனம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் கீற்றுக் கொட்டகை இருந்த இடமெல்லாம் தளம் போட்ட வீடுகளாகி வருகின்றன. 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்ற இலக்குடன் 2024-ல் தமிழக அரசு தொடங்கிய ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டம், வீடு ஒன்றுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து இந்த மாற்றத்தை விரைவுபடுத்தியிருக்கிறது. தீப்பிடிக்கும் என்ற பயம் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு கூரை வேயும் செலவும் இல்லை. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், கீற்று தந்த குளிர்ச்சி கான்கிரீட்டில் கிடைப்பதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தளம், ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்ததை நினைத்தால், கூரைச் சூட்டைத் தடுப்பது ஆடம்பரம் அல்ல, உயிர்ப் பாதுகாப்பு என்பது விளங்கும். இந்தத் தேவையைக் குறிவைத்துத்தான் ‘எக்கோ’, ‘நேச்சுரல்’, ‘பசுமை’ என்ற பெயர்களோடு வெப்பத்தடுப்புப் பொருள்கள் சந்தைக்கு வருகின்றன. இவை வேண்டாம் என்பது நம் வாதம் அல்ல. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று சொல்லாத, நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் வைத்துச் சோதிக்கப்படாத எந்தப் பொருளையும், அது எவ்வளவு பசுமையானதாக இருந்தாலும், மக்கள் படுத்துறங்கும் அறைக்குள் அனுமதிக்கக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

பழைய காகிதம், தேங்காய் நார், கரும்புச் சக்கை, உமி, வைக்கோல் ஆகியவை சூட்டைத் தடுக்கும் என்பதில் ஐயமில்லை. நார்களுக்கு இடையே சிறைப்பட்ட காற்றுதான் அந்த வேலையைச் செய்கிறது. நெல்லும் கரும்பும் விளையும் விழுப்புரம் மாவட்டத்தில் இவற்றுக்குப் பஞ்சமும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இவை எளிதில் தீப்பிடிக்கும். கரையானுக்கும் பூஞ்சைக்கும் தீனியாகும். பலகையாக நிற்க வேண்டுமானால் பசை வேண்டும். ஆகவே தீயைத் தடுக்க உப்பும், பூச்சியைத் தடுக்க மருந்தும், உருவம் கொடுக்கப் பிசினும் சேர்க்கிறார்கள். அட்டையில் அச்சாவது நாரின் பெயர். அறைக்குள் நெடியாக வருவதோ பெரும்பாலும் இந்தச் சேர்மானம். சேர்மானமே இல்லாத நார் என்றாலும் கவலை தீராது. நனைந்த வைக்கோலில் பூஞ்சை பூத்தால், அதன் வித்துகள் ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சைத் திணறடிக்கும். எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது. இயற்கை என்ற சொல்லே உத்தரவாதம் ஆகிவிடாது.

இதற்குத் தெளிவான சான்று பிரான்ஸ். பழைய செய்தித்தாளை அரைத்துச் செய்யும் காகிதப் பஞ்சு அங்கே சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் விரும்பி வாங்கும் வெப்பத்தடுப்புப் பொருள். அதில் தீத்தடுப்புக்காகச் சேர்த்துவந்த போரான் உப்புகள் உடல்நலத்துக்கு ஆகாது என்ற கவலை எழுந்தது. உற்பத்தியாளர்கள் அம்மோனிய உப்புகளுக்கு மாறினார்கள். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான். ஆனால் பஞ்சில் ஈரம் ஏறியதும் அந்த உப்புகள் அம்மோனியா வாயுவை விட்டன. குடியிருந்தவர்களுக்குக் கண் எரிச்சலும் தொண்டைக் கரகரப்பும் வந்தன. 2013-ல் பிரெஞ்சு அரசு அத்தகைய பஞ்சைத் தடை செய்தது. உற்பத்தியாளர்கள் மறுபடியும் போரானுக்கே திரும்பினார்கள். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வரம்பை விதித்தது: காற்றில் பத்து லட்சம் பங்குக்கு மூன்று பங்குக்குமேல் அம்மோனியாவை அந்தப் பஞ்சு வெளிவிடக் கூடாது. அந்த விதியில் நாம் அடிக்கோடிட வேண்டிய பகுதி இன்னொன்று. வழக்கமான சோதனை அறையின் 50 விழுக்காடு ஈரப்பதம் போதாது, 90 விழுக்காட்டில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்கிறது அது. ஈரம்தான் குற்றவாளியை வெளியே கொண்டுவருகிறது என்று பட்டபின் கற்றுக்கொண்ட பாடம் இது.

இந்தப் பாடத்தை நம் மாவட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். வங்கக் கடலோரத்தில் மரக்காணமும் அதற்கு மேற்கே திண்டிவனமும் அமைந்த நிலம் இது. புழுக்கம் இங்கே அன்றாடம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவே அடைத்த பஞ்சு அப்படியொரு மழையில் கசிவு குடித்தால், அது எப்போது காயும், காயும்வரை என்ன வாயுவை விடும் என்று விற்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டின் அளவும் இதில் சேர்த்தி. கனவு இல்லத்தின் பரப்பு 360 சதுர அடி. பெரிய பங்களாவில் கரைந்து போகும் நெடி, கொசுவுக்குப் பயந்து சன்னலைச் சாத்திய சின்ன அறையில் கரையாது. அதே பொருள், அதே அளவு. ஆனால் ஏழை வீட்டில் அதன் அடர்த்தி அதிகம்.

நெடி வேறு, நோய் வேறு, இரண்டையும் குழப்பிப் பீதி கிளப்பலாமா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். 1970-களின் எரிபொருள் நெருக்கடியில், கனடா அரசே மானியம் கொடுத்து வீடுகளின் வெப்பத்தடுப்பை ஊக்குவித்தது. அப்போது ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளின் சுவர்களுக்குள் யூரியா ஃபார்மால்டிஹைடு நுரை அடைக்கப்பட்டது. கலவை விகிதம் சரியில்லாத இடங்களில் ஃபார்மால்டிஹைடு கசிந்து, புகார்கள் குவிந்தன. 1980 டிசம்பரில் கனடா தடை விதித்தது. ஆனால் கியூபெக் மாகாண வீட்டுக்காரர்கள் தொடுத்த வழக்கு, நுரைதான் நோய்க்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை என்று 1991-ல் தள்ளுபடியாயிற்று. அமெரிக்கா 1982-ல் விதித்த தடையையும் அடுத்த ஆண்டே நீதிமன்றம் நீக்கியது. ஆக, மூக்கை உறுத்துவதெல்லாம் நோயாகாது என்பது உண்மை. ஆனால் இதே வரலாறு வேறொன்றையும் சொல்கிறது. வழக்கில் தோற்றவர்களுக்கு உடல்நலக் கவலையும் தீரவில்லை. நுரை அடைத்த வீடு என்பதால் விலையும் சரிந்தது. பொருளை விற்கும் முன்பே அளந்து வைத்திருந்தால் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கையில் ஒரு கணக்கு இருந்திருக்கும். சுவருக்குள் அடைத்தபின் நோய்க்காரணத்தை நிரூபிக்கும் சுமை குடியிருப்பவர் தலையில் விழுவது அநீதி. மேலும், நெடி இல்லாததாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசிக்கு வாசனையே கிடையாது, புற்றுநோயைத் தருகிறது. தளத்தில் தெளிக்கும் பாலியூரித்தேன் நுரையிலுள்ள ஐசோசயனேட், மூக்குக்குத் தெரியாத அளவிலேயே ஆஸ்துமாவைக் கிளப்பக் கூடியது. மூக்கை நம்ப முடியாது என்பதால்தான் அளவுகருவி வேண்டும் என்கிறோம்.

வெயில்தான் பெரிய எமன், இந்த நேரத்தில் விதிகளைக் கூட்டினால் மக்கள் கொதிக்கும் தளத்தின் கீழேயே கிடப்பார்கள் என்பது இன்னொரு வாதம். இதன் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறோம். இரண்டாம் பாதி சரியல்ல. கூரைச் சூட்டைத் தணிக்க வீட்டுக்குள் எதையும் அடைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து தளத்தின்மேல் போடும் பழைய வெதரிங் கோர்ஸ், அதன்மேல் பதிக்கும் வெள்ளை ஓடு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சு எல்லாமே கூரைக்கு வெளியே வேலை செய்பவை. வெளியே இருக்கும் பொருளின் நெடி காற்றோடு போகும். சூடும் கான்கிரீட்டுக்குள் ஏறுமுன்பே தடுக்கப்படும். ஆகவே வெளிப்புறத் தடுப்புக்கு முதலிடம், உட்புறம் அடைப்பவற்றுக்குக் கடும் சோதனை என்று விதியைப் பிரித்துவிட்டால், வெயிலுக்கும் தீர்வு உண்டு, மூச்சுக்கும் காவல் உண்டு.

சிறு உற்பத்தியாளர்கள் சோதனைச் செலவில் நசுங்கிவிடுவார்கள் என்ற அச்சத்தையும் ஒதுக்க முடியாது. உமிப் பலகையோ நார்ப் பாயோ செய்யும் ஒரு சிறு பட்டறையால் ஆய்வகக் கட்டணம் கட்ட முடியாமல் போகலாம். அதற்கு விடை, சோதனையைக் கைவிடுவது அல்ல. செலவை அரசு ஏற்பது. மண் கட்டுமானத்துக்கு உலகப் பெயர் பெற்ற ஆரோவில் புவி நிறுவனம் இதே மாவட்டத்தில், வானூர் வட்டாரத்தில் இயங்குகிறது. சுட்ட செங்கல்லுக்கு மாற்றாக அழுத்திய மண் கற்களை நம்பகமாக்கியது முறையான ஆய்வும் பயிற்சியும்தான். அந்த அனுபவத்தையும் அண்ணா பல்கலைக்கழகம், சென்னை ஐஐடி போன்றவற்றின் ஆய்வு வசதிகளையும் இணைத்தால், நம் வயல் கழிவிலிருந்து வரும் பலகைக்கு நாமே நற்சான்று கொடுக்கலாம். அந்தச் சான்று பட்டறைக்காரருக்குச் சுமையாகாது. சந்தையில் அதுவே அவர் முதல்.

சட்டத்தில் பாதி வழி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட நெறிமுறைகள், ஆதாரம் காட்டாமல் ‘சூழலுக்கு உகந்தது’ என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ 2018-ல் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு வரம்பு வகுத்தது. புழுக்கமான பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. சூட்டுக்கும் காற்றோட்டத்துக்கும் அளவு இருக்கிறது; கூரைப் பொருள் அறைக்குள் விடும் வாயுவுக்கும் அப்படியொரு அளவு வேண்டும். பசை, உப்பு, பூச்சிமருந்து எவை என்று பெட்டியின்மேல் தமிழில் அச்சிட வேண்டும். 90 விழுக்காடு ஈரப்பதத்தில் செய்த சோதனை முடிவை அதனோடு தர வேண்டும். நெடி நீங்காவிட்டால் தன் செலவில் பிரித்தெடுத்துச் செல்லும் பொறுப்பு விற்றவரைச் சேர வேண்டும். இந்த மூன்றுக்கும் உட்படாத பொருளை அரசு வீட்டுத் திட்டங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பயன்படுத்துவதில்லை என்று தமிழக அரசு ஓர் ஆணை பிறப்பித்தாலே போதும். எட்டு லட்சம் வீடுகளைத் தவறவிட எந்த நிறுவனமும் விரும்பாது. கீற்றில் என்ன இருக்கிறது என்பது அதன் கீழே படுத்தவருக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு அரசு போட்டுத்தரும் கூரையிலும் அவருக்கு அந்த உரிமை குறையக் கூடாது.